பதினொன்றாவது வளைவில் நீ சொன்னது

செவ்வாய்ப்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

நாலு மாதமாக நீ கூப்பிடும்போதெல்லாம் "பட்டறையில் வேலை" என்று சொல்லி வைத்தேனே, அது பொய். கால் எலும்பு விட்டுப்போய் வீட்டில் கிடந்தேன். சொன்னால் "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்பாய், அந்தப் பயம். இப்போது சொல்லிவிட்டேன், சிரித்துக்கொள்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஒல்லி அந்த எண்ணூறு ரூபாயை இன்னும் தரவில்லை.

ஏற்காட்டுப் பாதையில் ஓடும்போது பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் "கால் வைக்கிற விதம் சரியில்லை, நிறுத்துடா" என்றாய். இருபதையும் முடித்துவிட்டுத்தான் நின்றேன். அதற்கு முந்தைய மாதம்தான் வாரத்துக்கு முப்பது கிலோமீட்டரை ஐம்பத்தைந்தாக ஏற்றியிருந்தேன். வலி இரண்டாவது விரலுக்குப் பின்னால், பாதத்தின் மேல்பக்கம். ஒரு விரல் நுனியால் மூடிவிடலாம், அவ்வளவுதான் இடம்.

முதல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சுளுக்கு என்றார். அம்மா மஞ்சள் பத்துப் போட்டாள். பெரியப்பா புத்தூர் கட்டுக்குக் காரே பேசிவிட்டார். மூன்று வாரம் நொண்டிய பிறகு வேறொருவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். மயிரிழை மாதிரி ஒரு கீறல். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். ஆரம்பத்தில் எக்ஸ்ரேவில் பெரும்பாலும் தெரியாதாம், ஆறத் தொடங்கிப் புது எலும்பு திரளும்போதுதான் தெரியுமாம். நடந்தே தேய்ந்த பட்டாளத்துக்காரர்களின் வீங்கிய பாதத்தைப் பற்றி 1855இலேயே ஒரு பிரஷ்ய ராணுவ மருத்துவர் எழுதியிருக்கிறார். அது எலும்பு முறிவுதான் என்று தெரிய 1895இல் எக்ஸ்ரே வர வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் அவர்களே குழம்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் குழம்பிய மனுஷனை என்னவென்று திட்டுவது?

டாக்டர் சொன்ன கணக்கு இது. ஓட ஓட எலும்பு தன்னையே கொஞ்சம் அரித்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். அரிப்பு வேகம், கட்டுமானம் மெதுவு. நடுவில் நாம் தூரத்தை ஏற்றினால் அரித்த இடத்திலேயே விட்டுப்போகும். பட்டறையில் பற்றுப்பொடி வைத்து நெருப்பை ஊதினால் வெள்ளிக் கொலுசு வளையம் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிக்கொள்கிறது. எலும்புக்கோ ஆறு வாரம், பாதம் அசையாமல் பிடிக்கிற பூட்ஸ்.

இனி நீ திட்ட வேண்டிய இடம். ஐந்தாவது வாரம் வலியே இல்லை. விடியுமுன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மூக்கனேரிக்குப் போய் ஓடினேன். முந்நூறு மீட்டர் இருக்கும். அதே இடம், அதே ஊசி. கரையில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுகளில் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன, என்னைக் கேலி செய்கிற மாதிரி. டாக்டர் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை, ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அப்பா போனதிலிருந்து ஓடாத நாளில் எனக்குத் தூக்கம் வராது. அது தெரிந்துதான் நீயும் அன்று என்னை அதட்டவில்லை என்று நினைக்கிறேன். பூட்ஸோடு இரவு இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நாற்காலி போட்டுச் சேர்வராயன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு வண்டியின் விளக்கு ஏறும், மறையும், இன்னும் மேலே தெரியும். வளைவுகளை எண்ணுவேன். பதினொன்று வரும்போது உன் குரல். சில நாள் அழுதேன், காலுக்காக இல்லை.

சரி, நல்ல செய்தி. போன வாரம் அனுமதி கிடைத்தது. நாலு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் ஓட்டம், ஐந்து தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். வலித்தால் அன்றோடு சரி. காந்தி ஸ்டேடியத்தில் ஒரு பாட்டி நடக்கிறார், புடவைக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ. நான் ஓடும்போது அவரை முந்துவேன், நடக்கும்போது அவர் என்னை முந்துவார். நாலாவது தடவை நின்றே விட்டார். "தம்பி, ஒண்ணு நட, இல்ல ஓடு. எனக்குத் தலை சுத்துது."

பொங்கலுக்கு வருகிறாய்தானே? தட்டுவடை செட் என் செலவு. மலைக்கு வண்டியிலேயே போவோம். பதினொன்றாவது வளைவில் நிறுத்தச் சொல், இறங்கி உன் கையால் ஒரு குட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
நொண்டி

பி.கு.: ஒல்லியிடம் கால் விஷயம் சொல்லாதே. பார்க்க வருகிறேன் என்று வந்து இன்னும் ஐந்நூறு கேட்பான்.