அந்த ஃபிளாஸ்க் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது

அன்புள்ள தம்பி,

உன் பெயருக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன். எங்களுக்கு உதவியவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாவுக்கும் அவர் மகனுக்கும், டிரைவர் அண்ணனுக்கும், வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கும், கோரிஸ் ஊரில் எங்களைத் தங்கவைத்த அம்மாவுக்கும் இதை அவர்கள் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு. அங்கே உன் மருத்துவப் படிப்புக்கு நடுவே இதையும் உன் தலையில் கட்டுகிறேன், பொறுத்துக்கொள்.

செப்டம்பர் கடைசியில் அக்காவும் நானுமாக எட்டு நாள் ஆர்மேனியா போய்வந்தோம். அக்காவுக்கு அறுபத்தேழு வயது. இருபது வருஷச் சர்க்கரை, வலது முழங்காலில் தேய்மானம், அதோடு சுத்த சைவம். "அங்கே போய் என்னத்தைச் சாப்பிடுவீங்க, எப்படி மலை ஏறுவீங்க" என்று கேட்காத உறவினர் இல்லை. நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் ஒரு தெரு. பாரிமுனையில் வங்கி வேலை பார்த்த காலமெல்லாம் அரண்மனைக்காரன் தெரு வழியாகத்தான் நடந்துபோவேன். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மேனியன் தெரு என்பதுதான் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. அங்கிருக்கும் ஆர்மேனிய மாதா கோயில் இப்போதுள்ள வடிவில் 1772-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கற்கள், அவற்றில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. அந்த எழுத்து பிறந்த ஊரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று பணியில் இருந்தபோதே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நன்றி வழிகாட்டிப் பெண்ணுக்கு. மதேனதாரான் சுவடி நூலக வாசலில், மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் சிலைக்குக் கீழே நின்று, "405-இல் எங்களுக்கு எழுத்து தந்தவர் இவர்" என்று தொடங்கினாள். நான் மதராஸ்காரி என்று சொன்னதும் அவள் முகமே மாறிவிட்டது. "மதராஸா! அஸ்தரார்!" என்றாள். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794-இல் வெளியானது நம் ஊரில் என்பதை அவள் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். அதற்குப் பிறகு நாங்கள் அவளுக்குச் சுற்றுலாக்காரர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். எத்தனை சாப்பாட்டுக் கடைகளில் அடுப்படி வரை போய் அக்காவுக்காகப் பேசினாள்! சைவம் என்று சொன்னால் சில இடங்களில் கோழி வந்துவிடும், "நோன்புச் சாப்பாடு" என்று கேட்டால் தப்பே நடக்காது என்று கற்றுக்கொடுத்ததும் அவள்தான். அவர்கள் திருச்சபையின் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாதாம். அப்படி எங்களுக்குக் கிடைத்தது பசுட்ஸ் தொல்மா: பயறு வகைகளை முட்டைக்கோஸ் இலையில் சுற்றி வேகவைத்தது. அக்கா எட்டு நாளில் ஆறு நாள் அதைச் சாப்பிட்டாள். தான் என்ற பெயரில் அவர்கள் குடிப்பது அசல் நம் மோர்தான். அதைக் கண்டதும் அக்காவுக்குப் பாதி பயம் போய்விட்டது.

அந்த நூலகத்தில் இருந்த ஒரு புத்தகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முஷ் நகரத்து மடாலயத்தைச் சேர்ந்த தோல் சுவடி, எடை கிட்டத்தட்ட 28 கிலோ. 1915-இல் ஒட்டோமான் துருக்கியில் நடந்த ஆர்மேனிய இனப்படுகொலையின்போது இரண்டு பெண்கள் அதை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பாதியாகத் தூக்கிக்கொண்டு தப்பினார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். ஒரே ஆளால் தூக்க முடியாத கனம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தப் படுகொலையில் மாண்டவர்களுக்கான ட்சிட்செர்னகபெர்ட் நினைவிடத்துக்குப் போனோம். சாய்ந்து நிற்கும் பன்னிரண்டு கற்பலகைகளுக்கு நடுவே அணையாத நெருப்பு. அங்கே நாங்கள் யாரும் பேசவில்லை. வழிகாட்டிப் பெண் பூ வாங்கி எங்கள் கையில் கொடுத்தாள். அதற்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் தெற்கே கிளம்பினோம். கோர் விராப் மடாலயத்தில் காலை வெயிலில் அராரத் மலை முழுசாகத் தெரிந்தது. 5,137 மீட்டர் உயரம், உச்சியெல்லாம் பனி. அவர்கள் நெஞ்சில் சுமக்கும் மலை, ஆனால் நிற்பதோ மூடிய எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியில். டிரைவர் அண்ணன் தினமும் பார்க்கிற மலைதான், இருந்தும் வண்டியை நிறுத்தி இறங்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். புனித கிரிகோரைப் பதின்மூன்று வருஷம் அடைத்துவைத்திருந்ததாகச் சொல்லப்படும் பாதாளக் குழி அந்த மடாலயத்துக்குள் இருக்கிறது. பிறகு அவர் வெளியே வந்துதான் அரசன் திரிதாத் மனம் மாறினான், 301-இல் நாடே கிறிஸ்தவத்தை ஏற்றது என்பது அவர்கள் மரபு. குழிக்குள் இறங்க நெட்டுக்குத்தான இரும்பு ஏணி ஒன்றுதான் வழி. அக்காவின் முழங்காலுக்கு அது ஆகாது. நான் மட்டும் இறங்கினேன். கீழே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மேலே எட்டிப்பார்த்த அக்காவைக் கண்டார். சைகையிலேயே "அவங்களுக்கா?" என்று கேட்டு, இன்னொரு மெழுகுவத்தியை எடுத்துப் பற்றவைத்து நட்டார். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. அவருக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

நோராவாங்கை நான் வர்ணிக்கப் போவதில்லை. செக்கச் சிவந்த பாறைகளுக்கு நடுவே 1339-இல் எழுந்த இரண்டடுக்குக் கோயில், முகப்பில் கைப்பிடி இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒடுங்கிய கற்படிகள். படம் பார்த்தாலே புரியும். பொழுது சாயும் நேரத்தில் வோரோதான் கணவாயைத் தாண்டி, இருட்டிய பிறகு கோரிஸ் ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கேதான் அக்கா பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இன்சுலின் பேனாக்கள் யெரெவான் வீட்டு ஃபிரிட்ஜிலேயே தங்கிவிட்டன. கைப்பையில் இருந்த பேனாவில் ராத்திரி ஊசிக்கு மட்டும் மருந்து இருந்தது, காலைக்கு இல்லை. மருந்துக்கடை அதற்குள் மூடிவிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உனக்குத்தான் போன் செய்தேன். என் மகளின் தோழிக்குத் தெரிந்த பையன் என்பதைத் தவிர உனக்கும் எங்களுக்கும் என்ன உறவு? மறுவாரம் பரீட்சை என்று முதல் நாளே சொல்லியிருந்தாய். "அத்தை, பதறாதீங்க, ஃபிரிட்ஜில எந்தத் தட்டுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். யெரெவான் வீட்டுக்காரம்மா குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய ஃபிளாஸ்க்கில் மருந்தை நனையாமல் கட்டிவைத்தாராம். ஐஸ் போட்டால் மருந்து உறைந்து கெட்டுவிடும், தண்ணீரே போதும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அவர் மகன் காரை எடுக்க, நீ கூடவே ஏறிக்கொண்டாய். இந்தப் பக்கம், பகல் முழுக்க வண்டி ஓட்டிக் களைத்திருந்த டிரைவர் அண்ணன், அரைத் தட்டு சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். யெரெவானுக்கும் கோரிஸுக்கும் கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். வழியில் வாய்க் ஊரில் சந்திப்பதாகப் பேச்சு. வோரோதான் கணவாய் 2,300 மீட்டருக்கும் மேலே. சாயங்காலமே அங்கே காற்று வண்டியை ஆட்டியது. அந்தக் கணவாயை ராத்திரியில் போகவும் வரவும் இரண்டு தடவை தாண்டினார் அவர்.

கோரிஸ் அம்மா தூங்கவே இல்லை. அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு ஆர்மேனிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அடுப்படியில் இன்னொரு பெண் மாவு திரட்டிக்கொண்டிருந்தார். 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் படை தாக்கியபோது, ஆர்மேனியர்கள் வாழ்ந்த நகோர்னோ கராபாக் பகுதியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேலானவர்கள் வீடு வாசலை விட்டு வந்தார்களே, அதில் ஒருவர் அவர். கோரிஸ்தான் அவர்கள் வந்து சேர்ந்த முதல் ஊர். வந்த பெண்ணைக் கோரிஸ் அம்மா திருப்பி அனுப்பவில்லை, இன்றைக்கும் ஒரே சமையலறை. விதவிதமான கீரைகளைப் பொடியாக நறுக்கி, மெல்லிய மாவுக்குள் வைத்து மூடிச் சுட்ட ஜெங்யாலோவ் ஹாட்ஸ் என்ற ரொட்டியை அந்தப் பெண் அக்காவுக்குக் கொடுத்தார். அது அவர் ஊர்ப் பலகாரம். தன் ஊரையே இழந்துவந்தவர் கையால் அந்த ராத்திரியில் சாப்பிட்டோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

அக்காவின் கண் கலங்கியபோது கோரிஸ் அம்மா அவள் கன்னத்தைத் தடவி "ட்சவ்த் தானெம்" என்றார். மறுநாள் வழிகாட்டிப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். "உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று அர்த்தமாம். அங்கே கடைக்காரர்கூட அதைச் சொல்வாராம், குழந்தையிடம் சொல்வார்களாம், பேருந்தில் இடம் கொடுத்தாலும் சொல்வார்களாம். எங்கள் பாட்டி எங்கள் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாள். அதே காரியத்தை இவர்கள் வாயால் செய்கிறார்கள்.

விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது வண்டி வந்தது. அண்ணன் ஃபிளாஸ்க்கை நீட்டினார். பெட்ரோல் காசை எடுத்தேன். என் கையை மூடி என்னிடமே தள்ளிவிட்டார். யெரெவான் வீட்டாரும் வாங்கவில்லை என்று பிறகு நீ சொன்னாய். நீயும் வாங்கவில்லை.

காலையில் ஊசி போட்டாயிற்று. அண்ணனைத் தூங்கவிட்டு, மதியத்துக்கு மேல்தான் தாதெவ் மடாலயத்துக்குப் போனோம். வோரோதான் பள்ளத்தாக்குக்கு மேலே 5.7 கிலோமீட்டர் நீளக் கம்பியில் ஓடும் ரோப்கார். 2010-இல் அது வந்தபிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கும் அந்த மடாலயம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. முந்தின ராத்திரி "ஊருக்குத் திரும்பிடலாம்டி" என்று சொன்ன அக்கா, ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கீழே கிடந்த பள்ளத்தைப் பார்த்தபடி வந்தாள். தாதெவ் முற்றத்தில் 904-இல் நிறுத்திய எண்கோணத் தூண் ஒன்று இருக்கிறது, கவஸான் என்று பெயர். எட்டு மீட்டர் உயரக் கல்தூண், தள்ளினால் ஆடித் திரும்ப நிலைக்கு வந்துவிடுமாம். நிலநடுக்கத்தையும் படைகள் வருவதையும் அதைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள் என்கிறார்கள். 1931 நிலநடுக்கத்தில் மடாலயம் பெரும்பகுதி சேதமடைந்தது, தூண் தப்பித்துக்கொண்டது. அக்கா அதன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். எட்டு நாளில் அவளாகக் கேட்டு எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான்.

செவான் ஏரியும் நோராதூஸும் அடுத்தடுத்த நாட்கள். நோராதூஸ் இடுகாட்டில் நூற்றுக்கணக்கான சிலுவைக் கற்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அங்கே கம்பளி பின்னி விற்கும் பாட்டி, அக்காவின் முழங்காலைப் பார்த்துவிட்டுத் தன் முக்காலியைக் கொடுத்து நின்றுகொண்டார். நாங்கள் வாங்கியது ஒரே ஒரு ஜோடி காலுறை.

கடைசி நாள் கெகார்ட். பாறையைக் குடைந்த கோயில், உள்ளேயே ஊற்று. அக்கா அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேல் மண்டபத்தில், 1288-இல் குடைந்ததாம் அது, நாலைந்து பேர் நின்று பாடினார்கள். பாறை அந்தக் குரலை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தந்தது. வெளியே வரும்போது எல்லோரும் பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்தார்கள். அக்காவால் அப்படிப் பின்னால் நடக்க முடியாது. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக அவளை வாசல்வரை பின்னோக்கிக் கூட்டிவந்தார்கள்.

அவர்கள் மொழியில் நன்றி என்பதற்கு ஷ்னோர்ஹகலுத்யுன் என்று ஒரு நீளமான சொல். அது வராமல் போனால் "மெர்சி" போதும், நாங்களே அப்படித்தான் சொல்கிறோம் என்று வழிகாட்டிப் பெண் சொல்லியிருந்தாள். அக்கா கேட்கவில்லை. காகிதத்தில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் டிரைவர் அண்ணன் முன்னால் நின்று, எழுத்துக்கூட்டி முழுசாகச் சொன்னாள். அவர் தன் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார்.

தம்பி, அந்த ஃபிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க அவசரத்தில் மறந்துபோனோம். நீல நிறம், மூடியில் ஒரு கீறல். கழுவிக் காயவைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பரீட்சை முடிந்து ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. யெரெவான் அம்மாவிடம் அதை நீதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெறும் ஃபிளாஸ்க்காக அனுப்பக்கூடாது என்று அக்கா இப்போதே காப்பிக்கொட்டை வறுக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அத்தைகள் இருவரும்
சென்னை