காரில்லாத 19 நாட்கள்

அன்பு மகளுக்கு,

நின்ற உன் காரைப் பின்னால் வந்தவர் இடித்ததைப் பற்றி நேற்றிரவு போனில் பேசும்போது நீ சொன்ன ஒரு வசனம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. "பொலிசியில வாடகைக் கார் எடுக்கேல்லை அப்பா, அதால தரமாட்டினமாம். பரவாயில்லை, பஸ்ஸில போறன்" என்றாய். 2004 மாசி மாதத்தில் இதே வசனத்தை நான் உன் அம்மாவிடம் சொன்னேன். அப்போது உனக்கு நாலு வயது.

மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்ற எங்கள் கொரோலாவை, பின்னால் வந்த வான் இடித்துவிட்டது. காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். "ரென்டல் கவரேஜ் வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்படியென்றால் கார் இல்லை" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தேன். கார் 19 நாள் கராஜில் கிடந்தது. இரவு வேலை முடிந்து வந்த கையோடு உன்னைத் தூக்கிக்கொண்டு 102 ஆம் இலக்க பஸ்ஸுக்குப் போய் நிற்பேன். ஒரு நாள் ஏறுகிற அவசரத்தில் உன் சிவப்புக் கையுறை ஒன்று பனிச் சேற்றுக்குள் விழுந்துவிட்டது. நான் கவனித்தபோது பஸ் புறப்பட்டுவிட்டது. உன் கையை என் ஜாக்கெட்டுக்குள் விட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அந்தக் கை சூடாக வெகுநேரம் எடுத்தது. இப்போதும் எனக்கு அது நினைவிருக்கிறது.

மூன்று வருடம் கழித்து, பொலிசி மாற்றப் போன இடத்தில் ஒரு முகவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: அந்த 19 நாளும் எனக்கு ஒரு கார் கிடைத்திருக்க வேண்டும். அந்தப் பகுதி என் பொலிசியில் முதலிலிருந்தே இருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து பொறுமையாக வாசி.

இங்கே கனடாவில், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில், விபத்துக்குப் பிறகு காப்புறுதியிடமிருந்து வாடகைக் கார் பெற இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, நாங்கள் மேலதிகமாகக் காசு கட்டி வாங்குவது. பொலிசியோடு சேர்க்கும் அந்த இணைப்பை ஓ.பி.சி.எஃப் 20 என்பார்கள். பிழை எங்களுடையதாக இருந்தாலும் அது உதவும், ஆனால் எவ்வளவு வரை தருவார்கள் என்று அதில் ஒரு உச்சத் தொகை இருக்கும். உன்னிடம் இல்லாதது அதுதான். மற்ற வாசல் டி.சி.பி.டி., அதாவது சொத்துச் சேதத்துக்கான நேரடி இழப்பீடு. இது ஒன்ராறியோவில் 1990 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. விபத்து மாகாணத்துக்குள் நடந்து, மற்ற வாகனத்துக்கும் இங்கே செல்லுபடியாகும் காப்புறுதி இருந்து, பிழை உன்னுடையது இல்லையென்றால், உன் சொந்த நிறுவனமே உன் காரின் சேதத்துக்குப் பணம் தர வேண்டும். இடித்தவரின் நிறுவனத்தைத் தேடி நீ அலையத் தேவையில்லை. சேதம் என்பதோடு அது முடிந்துவிடவும் இல்லை. காரைப் பாவிக்க முடியாமற் போன நாட்களின் இழப்பும் அதற்குள் அடக்கம். எனக்கு அன்று ஒருவரும் சொல்லாதது அந்த ஒரு வரிதான்.

2024 தை முதல் இந்த டி.சி.பி.டி. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள். நீ விலகவில்லை. பொலிசி புதுப்பித்தபோது உன் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

பிழை யாருடையது என்பதும் போனில் பேசுபவரின் அபிப்பிராயம் இல்லை. அதற்கென்று மாகாணத்தின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. நின்ற காரைப் பின்னால் வந்து இடித்தால், பின்னால் வந்தவருக்கு நூறு வீதம். பாங்க் வீதியில் அன்று ஐஸ் வழுக்கியது என்று உன் காரை இடித்த மனிதர் உன்னிடம் சொன்னாரே, அந்த விதிகளில் காலநிலை கணக்கில் வராது. சில விபத்துகளில் பிழையைப் பாதிப் பாதியாகப் பிரிப்பார்கள், அப்போது இந்த வழியால் பாதிதான் கிடைக்கும். உன் விடயம் அப்படியானது இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மோதலைப் பதிந்தபோது தந்த பத்திரத்தின் இலக்கத்தையும் கோரிக்கை இலக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, காப்புறுதி நிறுவனத்தில் உன் கோரிக்கையைக் கவனிக்கும் அட்ஜஸ்டருக்கு மின்னஞ்சல் எழுது. போனில் பேசாதே, எழுது. "நான் ஓ.பி.சி.எஃப் 20 இன் கீழ் கேட்கவில்லை. பிழை என்னுடையது இல்லை என்பதால், டி.சி.பி.டி.யின் கீழ், காரைப் பாவிக்க முடியாத நாட்களுக்கு வாடகைக் கார் கேட்கிறேன்" என்று எழுது. மறுத்தால், பொலிசியின் எந்தப் பந்தியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேள். முதலில் பேசியவர் உன்னை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்ல வரவில்லை. திரையில் 20 என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பார். ஆனால் அவர் பார்க்காததை நீ காட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ ஊபருக்குக் கொடுத்த ரசீதுகள் எல்லாவற்றையும் அதோடு அனுப்பு. நான் என் ரசீதுகளைக் குப்பையில் போட்டேன்.

கார் எடுக்கப் போகும் முன், ஒரு நாளைக்கு எவ்வளவு வரை தருவார்கள், எந்த நாளில் நிறுத்துவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கு. உன்னுடைய சிவிக் அளவான காரைத்தான் நியாயம் என்பார்கள், பெரிய வண்டி எடுத்தால் மிச்சம் உன் தலையில் விழும். திருத்தி முடிந்த நாளோடு வாடகையும் முடியும். திருத்த முடியாது என்று முடிவெடுத்தால் கவனமாக இரு. காருக்கான பணத்தைத் தர முன்வந்த கொஞ்ச நாளிலேயே வாடகையை நிறுத்திவிடுவார்கள். அதனால் அந்தக் கதை வந்த அன்றே வேறு கார் பார்க்கத் தொடங்கு.

வாடகைக் கார் கவுண்டரில் உன் கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், பயப்படாதே, திரும்பி வரும். தங்கள் காப்புறுதியையும் நாளுக்கு இவ்வளவு என்று விற்கப் பார்ப்பார்கள். உன் பொலிசியில் ஓ.பி.சி.எஃப் 27 என்ற இன்னொரு இணைப்பு இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் காரில் வரும் சேதத்துக்கு அதுதான், ஆகவே அவர்கள் விற்பதை வேண்டாம் என்று சொல்லலாம். பெற்றோலும் 407 நெடுஞ்சாலையின் கட்டணமும் உன் செலவு. பனிக்கால டயர் போட்டிருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் கேள், இல்லையென்றால் போட்ட கார் ஒன்று வரும்வரை நில். காலை ஏழு மணி வேலைக்கு இருட்டோடு போகிற பிள்ளை நீ.

கழுத்து நோவையும் சும்மா விடாதே. அம்மா நேற்றிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். டொக்டரிடம் காட்டு, ஏழு நாளுக்குள் காப்புறுதிக்கும் அறிவி. அது வேறு கோரிக்கை, வேறு படிவம்.

உனக்குக் கேட்கக் கூச்சம் என்று எனக்குத் தெரியும். அது என்னிடமிருந்து வந்தது. மாதாமாதம் காசு கட்டினோம், அதற்குள் உள்ளதைத்தான் கேட்கிறோம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. மின்னஞ்சலை எழுதிவிட்டு அனுப்ப முன் எனக்குக் காட்டு, நான் விழித்துத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை நானும் அம்மாவும் பஸ்ஸில் ஒட்டாவா வருகிறோம். அதற்குள் கார் கிடைத்தால் வந்து ஏற்று. கிடைக்காவிட்டால் உன் மேசையில் நானும் உன்னோடு இருந்து அடுத்த கடிதத்தை எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா