அடிபட்ட முயல்குட்டிக்கு முதலில் சூடு, பால் அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பனிக்காலம் தொடங்கிவிட்டால் கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் முயல் வளர்ப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி இது: "குட்டி கூண்டுக்குக் கீழ விழுந்து கிடக்கு, கால்ல ரத்தம், என்ன பண்றது?" தங்கள் நாளிதழின் வாசகர் குறிப்புப் பகுதியில் அண்மையில் இதற்கு ஒரு விடை வந்திருந்தது. பசும்பாலைச் சங்கில் புகட்டு, புண்ணில் தைலம் தடவு என்றது அந்தக் குறிப்பு. நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் அப்படியே செய்தால் பிழைக்க வேண்டிய குட்டியும் விடிவதற்குள் செத்துப்போகும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பிறந்த முயல்குட்டிக்கு உடம்பில் மயிர் இருக்காது, கண் திறந்திருக்காது, காது கேட்காது. எடை 40 முதல் 60 கிராம். தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கிப் போட்டுக் கட்டிய கூட்டுக்குள், கூடப் பிறந்தவற்றோடு ஒட்டிக் கிடக்கும்போது அதற்கு 32 முதல் 35 டிகிரி வரை சூடு கிடைக்கிறது. அங்கிருந்து வெளியே விழுந்தால் மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்து மார்கழி இரவில் வெகுசீக்கிரம் விறைத்துவிடும். விறைத்த குட்டியின் குடல் வேலை செய்யாது. அப்போது ஊற்றிய பால் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், இல்லாவிட்டால் விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் இறங்கும். ஆகவே முதலில் சூடு, பிறகு புண், கடைசியில் பால். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால் சாகும் குட்டிகள்தான் அதிகம். காயத்தால் சாவது அதைவிடக் குறைவு.

சூடு கொடுக்க நல்ல வழி, கையில் பிடித்தால் இதமாக இருக்கும் அளவு வெந்நீரைப் பாட்டிலில் நிரப்பி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, சிறிய அட்டைப்பெட்டிக்குள் ஒரு பக்கமாக வைப்பது. குட்டியைப் பாட்டிலின் மேல் கிடத்தாமல் பக்கத்தில் கிடத்த வேண்டும். சூடு அதிகமானால் நகர்ந்து போக மறுபக்கம் இடம் இருக்கட்டும். தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் ஆறிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். பல்பு போடுவதானால் பழைய குண்டு பல்புதான் உதவும். எல்இடி பல்பில் வெளிச்சம் வரும், குட்டிக்குப் போதுமான சூடு வராது. எதுவும் கைவசம் இல்லையென்றால் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்தாலே போதும். அடுப்பு மேடையிலும் கணப்பின் ஓரத்திலும் வைக்க வேண்டாம், மெல்லிய தோல் வெந்துவிடும். மூடிய அறைக்குள் கரி மூட்டிச் சூடேற்றுவது குட்டிக்கும் ஆகாது, அந்த அறையில் படுக்கும் மனிதருக்கும் ஆகாது.

கட்டை மாதிரிக் கிடக்கிறதே, செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளிரில் விறைத்த குட்டி மூச்சு விடுவதே தெரியாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் சூட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும். சூடேறிய குட்டியை மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், தோல் நீலம் மாறி ரோஜா நிறமாகும், தொட்டால் துள்ளும். அப்போதுதான் புண்ணைப் பார்க்கும் நேரம்.

ரத்தம் கசிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. 50 கிராம் குட்டியின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 3 மில்லிதான், அரைத் தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூட. நமக்குப் பத்துச் சொட்டு ஒன்றுமில்லை, அதற்கு அது உயிர்ப் பிரச்சினை. சுத்தமான காஸ் துணியை மடித்து விரல் நுனியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் கட்டிய ரத்தம் பிய்ந்து மறுபடி வழியும்.

கழுவ மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் போதும். இல்லையென்றால் கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. அதை வெதுவெதுப்பாக்கி, ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்சால் புண்ணின் மேல் மட்டும் மெல்லப் பீய்ச்ச வேண்டும். குட்டியை முழுக்க நனைத்தால் கொடுத்த சூடெல்லாம் வீணாகிவிடும். பிறகு 10 சதவீத போவிடோன் அயோடின் கிருமிநாசினி 1 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர் கலந்து, பால் விடாத இளந்தேநீர் நிறத்தில், பஞ்சுக்குச்சியால் ஒரு தொடு தொட்டால் முடிந்தது. களிம்பு தேவையில்லை. தாய் அதை நக்கி விழுங்கும், கூட்டு மயிரெல்லாம் புண்ணில் ஒட்டும்.

தைலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மலையில் தலைவலிக்கும் தைலம், கால்வலிக்கும் தைலம் என்று பழகிவிட்டோம். யூகலிப்டஸ் தைலம் மயிரில்லாத குட்டியின் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். புண்ணை எரிக்கும், மூச்சைத் திணறடிக்கும், தாய்க்குக் குட்டியின் வாசனையையே மறைத்துவிடும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் கூடாது. மஞ்சள்தூளும் காபித்தூளும் மேலே பொருக்குக் கட்டி, சீழை உள்ளே பூட்டிவைக்கும். முயலின் சீழ் தண்ணீராக வடியாது, கெட்டித் தயிர்போல உறைந்து நிற்கும். நாலைந்து நாளில் அந்த இடம் உருண்டையாக வீங்கினால் கால்நடை மருத்துவர்தான் கீறிச் சுத்தம் செய்ய வேண்டும், வீட்டில் பிதுக்கக் கூடாது.

காயம் எப்படி வந்தது என்று பார்ப்பதும் முக்கியம். தாய் தொப்புள்கொடியைக் கடிக்கும்போது காது நுனியோ வாலோ போயிருந்தால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். பூனை கடித்திருந்தால் வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் பூனையின் பல்லில் உள்ள கிருமி ஓரிரு நாளிலேயே குட்டியைக் கொன்றுவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வயிறு கிழிந்து குடல் வெளியே வந்திருந்தால் அதைத் துடிக்க விடாமல், வலியின்றி உயிர் போக மருத்துவர் உதவியை நாடுவதுதான் கருணை.

பலர் கவனிக்காத காயம் ஒன்று உண்டு. கால் மட்டும் ஊதாநிறமாக வீங்கியிருக்கும், கடித்த தடம் எதுவும் இருக்காது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் வீக்கத்துக்கு மேலே மோதிரம் போட்டதுபோல மெல்லிய கோடு தெரியும். அது சாக்கு நூலோ பஞ்சு இழையோ சுற்றி இறுகியது. கண்ணுக்குத் தெரியாத அளவு தோலுக்குள் புதைந்திருக்கும். நுனி மெல்லிய கத்தரியைத் தோலோடு தட்டையாக நுழைத்து வெட்டி எடுத்துவிட்டால், கால் இன்னும் சூடாக இருக்கும்வரை பிழைக்க வாய்ப்புண்டு. கூட்டில் சாக்கும் பஞ்சும் போடக் கூடாது என்பது இதற்காகத்தான். நன்றாகக் காய்ந்த கிகுயு புல் போதும், அதுதான் இங்கே வேலியோரமெல்லாம் கிடக்கிறதே.

ஒடிந்த காலுக்குத் தீக்குச்சி வைத்துக் கட்டுவதும் வேண்டாம். ஆறேழு நாளில் குட்டியின் எடை இரட்டிப்பாகும், இன்று சரியாக இருக்கும் கட்டு நாளை மறுநாள் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கூட்டுக்குள்ளேயே கிடந்தால் இளம் எலும்பு தானே கூடும், கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் நடக்கும்.

இனிப் பால். தாய் உயிரோடு இருந்தால் தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வளர்ப்பு முயலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கூட்டு மயிரைக் குட்டியின் மேல் தேய்த்து உள்ளே விட்டாலே ஏற்றுக்கொள்ளும். தாய் முயல் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை, மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் பாலூட்டும். நாள் முழுக்கக் கூட்டுக்குப் போகாததைப் பார்த்துத் தாய் கைவிட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அது கைவிடல் இல்லை, முயலின் இயல்பே அப்படி. காலையில் குட்டிகள் கிடக்கும் பெட்டியைத் தாயிடம் வைத்து, குடித்ததும் எடுத்துவிட்டால் மிதிபடாது. பெரிய ஈத்தாக இருந்தால் அடிபட்டதை இடம் மாற்றாமல், கொழுத்த குட்டிகள் இரண்டை ஓரிரு நாள் வித்தியாசத்தில் ஈன்ற வேறு தாயிடம் மாற்றுங்கள். வலுத்தவை எங்கே போனாலும் முட்டிக் குடித்துவிடும்.

குடித்த குட்டியின் வயிறு உருண்டு, தோல் வழியே வெள்ளையாகப் பால் தெரியும். சுருங்கிய தோலோடு கத்திக்கொண்டிருந்தால்தான் கைப்பால் கொடுக்க வேண்டும். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும், முயல்பாலில் அதைப்போல மூன்று மடங்கு. பசும்பாலில் உள்ள சர்க்கரையோ முயல்பாலில் இருப்பதைவிட மிக அதிகம், அதுதான் வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகிறது. பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர் பரவாயில்லை, அதில் இனிப்பில்லாத கிரீம் சிறிது சேர்க்கலாம். அவசரத்துக்குக் காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பால் கொடுக்கலாம். முதல் வாரம் நாளுக்கு மொத்தம் 4 முதல் 5 மில்லி, இரண்டு வேளையாக. இரண்டாம் வாரம் 10 முதல் 15 மில்லி. மூன்றாம் வாரம் 15 முதல் 30 மில்லி. கூட ஒரு சொட்டு என்று ஆசைப்பட்டு வயிற்றை உப்பவைக்கக் கூடாது.

சங்கில் ஊற்றினால் அளவும் தெரியாது, வேகமும் அடங்காது. ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சால், குட்டி கவிழ்ந்து கிடக்கும் நிலையிலேயே தலையைச் சற்று உயர்த்தி, உதட்டோரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குழந்தையைப்போல மல்லாத்திப் பிடிக்கவே கூடாது. மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்துத் துடைத்துவிடுங்கள். கொடுத்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றிலிருந்து வால்பக்கமாக மெல்ல வருட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் இது. செய்யாவிட்டால் சிறுநீர் போகாமல் வயிறு வீங்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறந்த பிறகு தேவைப்படாது. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பது நல்லது. நாளுக்கு ஏழெட்டு கிராம் ஏறினால் நன்றாக வருகிறது என்று பொருள்.

குழந்தைக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் சிரப்பில் கொஞ்சம் ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசமானது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, கழிச்சலில் செத்துப்போகும். நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் முயலுக்கு விஷம். எந்த மருந்தானாலும் குட்டியின் எடையைக் கிராமில் சொல்லி, அது முயல் என்பதையும் சொல்லி, மருத்துவரிடமே கேளுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962 எண் இருக்கிறது.

தோட்டத்தில் கிடைக்கும் காட்டு முயல்குட்டி வேறு சங்கதி. அது மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். புல்லுக்குள் தனியாக அசையாமல் கிடந்தால் அநாதை என்று எடுத்து வராதீர்கள். தாய் இருட்டியதும் வந்து பாலூட்டிப் போகும். நாய் கடித்துக் காயம் இருந்தால் மட்டும் துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, எதுவும் புகட்டாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது.

கூண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. குட்டிகள் விழுவது பெரும்பாலும் காம்பைக் கவ்வியபடியே தாயோடு வெளியே இழுபட்டு வருவதால்தான். குட்டிப்பெட்டியின் வாசல் தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயர்ந்திருந்தால் காம்பு அங்கேயே வாயிலிருந்து நழுவிவிடும். தரைக் கம்பிவலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் கால் மாட்டும். குட்டி போடும் நாள் நெருங்கும்போது, இனச்சேர்க்கை முடிந்த 28ஆம் நாளே, பெட்டியை வைத்துவிடுங்கள். மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் முயல் வளர்ப்பையும் பார்க்கலாம், சந்தேகம் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவையும் வெளியிட இடமில்லை என்றாலும், தைலமும் பசும்பாலும் வேண்டாம் என்ற திருத்தத்தையாவது அந்தக் குறிப்பு வந்த அதே பகுதியில், இந்தப் பனி முடிவதற்குள் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
முயல் வளர்ப்போர் சிலர்,
கொடைக்கானல் மேல்மலை.