ஆறு டியூப்லைட்டும் ஐந்து வரிச் செய்தியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தெட்டு வருடமாகத் தங்கள் நாளிதழை வாங்கிப் படிக்கிறவன். நடுவில் இரண்டு முறை விலையை ஏற்றிப் பக்கத்தைக் குறைத்தபோதும் நிறுத்தவில்லை.

சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்த மறுநாள், தங்கள் இதழின் ஏழாம் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே ஐந்து வரிச் செய்தி ஒன்று இருந்தது. அரசு செலவுகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின், அதாவது சிஏஜியின், அறிக்கைகள் பேரவையில் வைக்கப்பட்டனவாம். அதோடு விட்டிருக்கலாம். "கூட்டத்தொடரின் கடைசி நாளில் தணிக்கை அறிக்கைகள் வைக்கப்படுவது வழக்கமான நடைமுறைதான்" என்று நிருபர் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்தத் 'தான்' என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

வழக்கம் என்பது நிஜம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராததும் வழக்கம்தான். அதை நீங்கள் 'வழக்கமான நடைமுறை' என்றா எழுதுகிறீர்கள்? காலிக் குடங்களோடு படம் போட்டு 'பொதுமக்கள் அவதி' என்றல்லவா எழுதுகிறீர்கள்?

கடைசி நாளில் ஏன் வைக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மறுநாள் அவை இல்லை. எழுந்து கேட்க ஆளில்லை. சிஏஜி அறிக்கையை ஆளுநர் பேரவை முன் வைக்கச் செய்யவேண்டும் என்று அரசியலமைப்பின் 151ஆவது பிரிவு சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் எல்லாக் கட்சிகளும் பாய் விரித்துப் படுத்துக்கொள்கின்றன. டெல்லியில் வருடக் கணக்கில் தேங்கிக் கிடந்த அறிக்கைகள், ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரியில்தான் அவைக்கு வரத் தொடங்கின. எதிர்க்கட்சியாக இருக்கும்போது சிஏஜி அறிக்கை வேதம். கோட்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் 'வெறும் கணக்குப் பிள்ளை வேலை'.

நம் ஊர் உதாரணம் ஒன்றே போதும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அந்த வெள்ளத்தைப் பற்றிய சிஏஜி அறிக்கைக்கு 2017ஆம் ஆண்டின் எண். பேரவைக்கு வந்ததோ 2018 ஜூலை 9ஆம் தேதி. அன்றுதான் கூட்டத்தொடரின் கடைசி நாள். வேடிக்கையைப் பாருங்கள், ஊழல் புகார்களை விசாரிப்பதற்கான லோக் ஆயுக்தா மசோதா நிறைவேறியதும் அதே நாள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது பற்றியும், இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றும் அந்த அறிக்கை சொல்லியிருந்தது. என் தங்கை வீடு அப்போது சைதாப்பேட்டையில். தரைத்தளம். இரண்டு நாள் மொட்டை மாடியில் பிஸ்கட்டும் மழைத்தண்ணீருமாக இருந்தார்கள். 'மனிதர்கள் உண்டாக்கியது' என்று எழுதியாயிற்று. எந்த மனிதரைக் கூப்பிட்டு யார் என்ன கேட்டார்கள் என்று தங்கள் பத்திரிகையில் படித்த ஞாபகம் எனக்கில்லை. படித்திருந்தால் கத்தரித்து வைத்திருப்பேன்.

இப்போது என் கதை. 1992இல் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எந்த ஒன்றியம் என்பது வேண்டாம். இருப்புப் பதிவேடு பார்த்தவர் மூன்று மாதம் விடுப்பில் போக, பதிவேடு என் மேசைக்கு வந்தது. அந்த மூன்று மாதத்தில் தெருவிளக்குக்கு 40 டியூப்லைட் வந்து இறங்கின. பெட்டியைப் பிரித்தால் ஆறு உடைந்திருந்தன. வாட்ச்மேன் வைக்கோலோடு சேர்த்துக் குப்பைக் குழியில் கொட்டிவிட்டார். சேதாரம் என்று எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்ற புத்தி எனக்கு இல்லை.

உள்ளாட்சி நிதித் தணிக்கையிலிருந்து வந்தவர் ஒல்லியான மனிதர். அலுவலகக் காபியைத் தொடமாட்டார். வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவருவார். பதிவேட்டில் ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "வரவு நாற்பது, பற்று முப்பத்துநாலு, இருப்பு பூஜ்யம். ஆறு எங்கே தம்பி?" நான் குப்பைக் குழியைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, தணிக்கைக் கேள்வி எழுதும் 'ஹாஃப் மார்ஜின்' தாளை எடுத்தார்.

அன்று எழுதிய தணிக்கைத் தடை, அதாவது கணக்கின் மேல் எழுப்பிய ஆட்சேபம், தணிக்கைக்காரர்களும் அலுவலகமும் சேர்ந்து உட்காரும் மூன்று கூட்டமர்வுகளைக் கண்டது. மூன்றிலும் 'ஆவணம் முன்வைக்கப்படவில்லை' என்ற ஒரே பதில். 2009இல் நான் ஓய்வுபெற்றபோது அந்தப் பத்தி உயிரோடு இருந்தது. பணிக்கொடை ஏழு மாதம் நின்றது. மகள் கல்யாணத்துக்கு என்று எண்ணி வைத்திருந்த பணம். வட்டிக்கு வாங்கித்தான் மண்டபத்துக்கு முன்பணம் கட்டினேன். கடைசியில் கருவூலத்தில் செலான் போட்டு 288 ரூபாய் கட்டிய பிறகு தடை நிவர்த்தியானது.

அந்தக் கூஜாக்காரர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஊர்ப் பணத்தில் வாங்கிய விளக்குக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும். ஆறு டியூப்லைட்டுக்காகப் பதினேழு வருடம் விடாமல் துரத்தத் தெரிந்த இந்த அமைப்புக்கு, 29,000 கன அடியின் முன்னால் மட்டும் மூட்டுவலி வந்துவிடுகிறதே, அதைத்தான் கேட்கிறேன். அறிக்கையில் வரப்போகும் தணிக்கைக் குறிப்பை, வரைவுப் பத்தி என்ற பெயரில் துறைச் செயலாளருக்கு அனுப்பி ஆறு வாரம் அவகாசம் தருகிறார்கள். பிறகு அச்சான அறிக்கையில் என்ன இருக்கிறது? 'அரசின் பதில் பெறப்படவில்லை.' பக்கத்துக்குப் பக்கம் இதே வாசகம். நான் அப்படிப் பதில் அனுப்பாமல் இருந்திருந்தால் பணிக்கொடையை இன்றுவரை பார்த்திருக்கமாட்டேன்.

மத்திய அரசையும் விட்டுவைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்த அறிக்கையில், ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பயனாளிகள் ஏறக்குறைய 7.5 லட்சம் பேர் ஒரே செல்போன் எண்ணில் பதிவாகியிருந்தார்கள். எண் என்ன தெரியுமோ? பத்து ஒன்பதுகள். எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் கூஜாக்காரர் காபியைக் கீழே வைத்திருப்பார். 2018 மார்ச்சில் மக்களவை அத்தனை அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும், அதாவது செலவுக்குக் கேட்கும் தொகைகளையும், விவாதமே இல்லாமல் 'கில்லட்டின்' போட்டு ஒரே மூச்சில் நிறைவேற்றியது. நம் பேரவையில் விவாதம் உண்டு, மறுக்கவில்லை. பாதி நேரம் தலைவருக்குப் புகழாரம், மீதி நேரம் தொகுதிக்கு ஒரு பாலம். தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்தவரே அதை மறந்துபோகிறார். தாங்களும் வெளிநடப்புக்கு அரைப்பக்கம், அமைச்சர் சொன்ன கவிதைக்குக் கட்டம் கட்டிய செய்தி என்று நிறைவாகவே செய்கிறீர்கள்.

சென்னையில் படிக்கும் என் பேத்தி தினமும் ஏஜி-டிஎம்எஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்குகிறாள். "ஏஜின்னா என்ன தாத்தா?" என்று போனில் கேட்டாள். சிஏஜியின் கீழ் மாநிலக் கணக்கைப் பார்க்கும் அக்கவுன்டன்ட் ஜெனரல் என்று தொடங்கி அரைமணி நேரம் சொன்னேன். அரசியலமைப்பிலேயே முக்கியமான அதிகாரி என்று 1949 மே மாதம் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் சொன்னது அந்த சிஏஜியைத்தான் என்றேன். "அப்புறம் ஏன் யாருக்கும் தெரியல?" என்றாள். தங்கள் ஏழாம் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். சிஏஜி அறிக்கைகளை எடுத்து விசாரிக்கும் பேரவையின் பொதுக் கணக்குக் குழு எங்கள் மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வந்துபோவதுண்டு. வருகிற முதல் நாள் பேருந்து நிலையம் முழுக்க பிளீச்சிங் பவுடர். மறுநாள் தங்கள் மாவட்டப் பக்கத்தில், பாதி கட்டிய ஏதாவது ஒரு கட்டடத்தின் முன்னால் வேட்டிகள் வரிசையாக நிற்கும் படம். கீழே 'ஆய்வு செய்தனர்'. எதை? மத்தியில் இந்தக் குழு 1921இலிருந்து இருக்கிறது. 1967 முதல் அங்கே எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்கியது படம் எடுத்துக்கொள்ள அல்ல. குழு விசாரிப்பது மூடிய கதவுக்குள் என்று தங்கள் நிருபர் சொல்லலாம். பேட்டி கொடுப்பது கதவுக்கு வெளியேதானே? அடுத்த முறை வரும்போது குழுத் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எந்த வருட அறிக்கையின் எந்தப் பத்திக்காக வந்திருக்கிறீர்கள்? பதிலைப் படத்துக்குக் கீழே இரண்டு வரி போட்டால் போதும். இரண்டு வரிக்கு இடமில்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் ராசியாகவே இருக்கட்டும்.

போன முறை நான் எழுதிய கடிதத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, கடைசியில் இருந்த 'நன்றி'யை மட்டும் முழுசாகப் போட்டிருந்தீர்கள். இதையும் சுருக்கத்தான் போகிறீர்கள். டியூப்லைட்டை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு கேள்வியை விட்டுவைக்கவும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றிய உதவியாளர்,
மயிலாடுதுறை

பி.கு.: 288 ரூபாய் செலானின் நகல் என்னிடம் இருக்கிறது. தேவையென்றால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன், அசலைக் கேட்கவேண்டாம்.