பழைய செடான் வாங்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத, 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், டிசையர், அமேஸ், ஆரா போன்ற சிறிய செடான்களைப் பழையதாக வாங்க நினைப்போர், புதிய வண்டியின் இன்றைய விலையைக் கேட்டறிந்த பின்னரே பேரம் பேச வேண்டும்.

சென்ற மாதம் அல்சூரில் தரகர் ஒருவர் காட்டிய வண்டி வெளியே பளபளவென்றிருந்தது. பின் இருக்கையின் பெல்ட்டை முழுவதுமாக இழுத்தபோது, கடைசி ஒரு சாண் நீளம் சேறு காய்ந்து விறைத்திருந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு. வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதை அவர் மறைத்தது பெரும் அநியாயம்.

டெல்லிப் பதிவெண் வண்டிகள் மலிவாக வருகின்றன என்று நம் மக்கள் ஆசைப்படுகிறார்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, இங்கே ஆயுள்கால வரி செலுத்தி மறுபதிவு செய்யும் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும்? இந்த விவரங்களைப் போக்குவரத்துத் துறை ஒவ்வோர் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் கன்னடத்தோடு தமிழிலும் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெங்களூரு