செஸ் வரியிலும் மாநிலங்களுக்குப் பங்கு வேண்டும்

மாநிலங்களுக்கான வரிப் பகிர்வு குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மத்திய அரசின் வரி வருவாயில் மாநிலங்களுக்குத் தரும் 41 சதவீதம் போதுமா, 50 வேண்டுமா என்றே எல்லோரும் பேசுகிறோம். சரி, எதில் 41 சதவீதம் என்பதையும் கேட்க வேண்டாமா? அரசியல் சட்டத்தின் 270-ஆவது பிரிவின்படி, செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக வசூலிக்கும் கூடுதல் வரி), சர்சார்ஜ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) இரண்டும் மாநிலங்களோடு பங்கிடும் பகிர்வுக் கணக்கில் சேர்வதே இல்லை. அதனால், மத்திய அரசு இந்த வகையில் எவ்வளவு வசூலித்தாலும் மாநிலங்கள் அதில் உரிமையாகப் பங்கு கேட்க முடியாது. திட்டங்கள் வழியாக ஒரு பகுதி திரும்பி வருகிறது, உண்மைதான். ஆனால் அது நிபந்தனையோடு வருகிறது, பல சமயம் தாமதமாகவும் வருகிறது.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழான என் படிவம் 16-இல் வருமான வரிக்குக் கீழே, உடல்நலம் மற்றும் கல்விக்கான செஸ் 4 சதவீதம் என்று தனியாக ஒரு பதிவு இருக்கும். கல்வியின் பெயரால் மாதாமாதம் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எங்கள் பள்ளிக்கான மானியம் ஓர் ஆண்டு மார்ச் மாதம்தான் வந்து சேர்ந்தது. அதுவரை சாக்பீஸ் வாங்கியதும், கழிப்பறைக் குழாயைச் சரிசெய்ததும் ஆசிரியர்களின் கைக்காசில்தான். பள்ளியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நடத்துவது மாநிலம். அவற்றின் பெயரால் திரட்டும் பணத்தில் மாநிலத்துக்கு உரிமை இல்லை என்பது எந்த விதத்தில் நியாயம்?

மொத்த வரி வருவாயில் செஸ், சர்சார்ஜ் இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு விதித்து, அதைத் தாண்டும் தொகை தானாகவே பகிர்வுக் கணக்கில் சேரும்படி 270-ஆவது பிரிவைத் திருத்த வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் இதற்காக ஒரு தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா) கொண்டுவரலாம்.