வலிக்காத உறுமல்

வேளச்சேரி, சென்னை
18 ஆகஸ்ட்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் லேசானது. இங்கே அனைவரும் நலம். மற்ற வீட்டுச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்; இந்தக் கடிதத்தை நீ கேட்ட கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

உன் மகன் இளங்கோ இரண்டு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெட்டல் என்னும் முரட்டு ராக் இசையின் பாடகர்களைப் போல உறுமுகிறான் என்றும், இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் உனக்கே அதைக் கேட்டால் நெஞ்சு பதறுகிறது என்றும், தொண்டை கெடாமல் இதைச் செய்ய வழி உண்டா என்றும் கேட்டிருந்தாய். வழி உண்டு. அந்த வழிக்கு வந்து சேரும் முன் தவறான வழியில் ஏழு மாதம் நடந்தவள் நான். ஆகையால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கும்பகோணத்தில் நாம் ஒரே பாயில் உட்கார்ந்து வர்ணம் வரை பாடியதோடு என் பாட்டு நின்றுபோனது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வயதில்தான், ஆர்ச் எனிமி என்னும் சுவீடன் குழுவில் 2014 வரை பாடகியாக இருந்த, ஜெர்மனியைச் சேர்ந்த ஏஞ்சலா கோசோவின் உறுமலைக் கேட்டேன். அது ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து வருகிறது என்று அறிந்தபோது, என் தொண்டைக்குள்ளும் அது எங்கோ இருந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. சொல்லித்தர யாரும் கிடைக்கவில்லை. பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதே போல ஒலிக்கும் வரை தொண்டையை இறுக்கிக் கத்தினேன். எரிச்சல் எடுத்தால் பலம் கூடுகிறது என்று நம்பினேன். எடை தூக்குகிறவர்களின் கை வலித்து வலித்துத் தேறுவது போலத் தொண்டையும் தேறும் என்பதே என் கணக்கு.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் தொடர்ந்து கத்தினேன். மறுநாள் காலை மகளை எழுப்ப வாயைத் திறந்தேன். காற்று மட்டுமே வந்தது. குரல் திரும்பப் பதினொரு நாள் ஆயிற்று. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கின் வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, திரையில் என் தொண்டையை எனக்கே காட்டினார். முத்தைப் போல வெண்மையாக இருக்க வேண்டிய இரண்டு குரல் மடிப்புகள் சிவந்து, ஓரம் தடித்துக் கிடந்தன. இன்னும் காய்ப்பு விழவில்லை என்றும், இப்படியே போனால் உள்ளங்கையில் விழுவது போல அங்கேயும் விழும் என்றும் அவர் சொன்னார். பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். கிசுகிசுப்பது தொண்டைக்கு ஓய்வு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அழுத்திக் கிசுகிசுப்பதும் தொண்டையை இறுக்குகிற வேலைதான். உன்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லிவை.

அந்தப் பதினொரு நாளும் பேச முடியாமல் நான் படித்தவைதான் பிறகு எனக்கு ஆசிரியராயின. நீ ஐந்து கட்டையில் ஸட்ஜம் பிடிக்கும்போது உன் குரல் மடிப்புகள் விநாடிக்கு ஏறத்தாழ 196 முறை ஒன்றோடொன்று சேர்ந்து பிரிகின்றன. மேல் ஸட்ஜத்துக்குப் போனால் அது இரண்டு மடங்காகிறது. நம் பெண்களுக்கு ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய மடிப்புகள் அவை. நான் உறுமுகிறேன் என்று எண்ணிக்கொண்டு, அந்த வேகத்தில் மோதிக்கொண்டிருந்தவற்றின் மீது அளவுக்கு மீறிய காற்றைப் பாய்ச்சினேன்.

அவற்றுக்குச் சற்று மேலே இன்னோர் இணை மடிப்பு இருக்கிறது. பொய்க் குரல் மடிப்புகள் என்பார்கள். அவை தடிமனானவை, மிருதுவானவை. அவற்றிலும் அவற்றை ஒட்டிய இடத்திலும் உள்ள சுரப்பிகளே கீழேயுள்ள உண்மை மடிப்புகளுக்கு ஈரம் கொடுக்கின்றன. நாம் விழுங்கும்போதும் இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் அவை தாமாக மூடிக்கொள்கின்றன. பேசும்போதும் பாடும்போதும் ஒதுங்கி இருப்பதுதான் அவற்றின் இயல்பு. தேர்ந்த மெட்டல் பாடகர்களின் தொண்டைக்குள் கேமரா விட்டு எடுத்த படங்களைப் பார்த்தால், அந்தப் பெரிய கரகரப்பு பெரும்பாலும் இந்த மேல் மடிப்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள சதையும் அதிர்வதால் எழுகிறது என்று தெரிகிறது. இது மெட்டல்காரர்களின் கண்டுபிடிப்பும் அன்று. ரஷ்யாவின் தென் சைபீரியப் பகுதியான துவாவில் கார்கிரா என்று ஒரு பாட்டு முறை உண்டு. அதில் மேல் மடிப்புகள் கீழ் மடிப்புகளின் பாதி வேகத்தில் அதிர்வதால், பாடுகிற ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல் சேர்ந்து கேட்கிறது. அதைக் கேட்டபோது நம் தம்புராவின் மந்தர ஸட்ஜம்தான் என் நினைவுக்கு வந்தது.

இந்த மேல் மடிப்புகளை வேண்டும்போது எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் அடுத்த கேள்வியாயிற்று. விடை என் சமையலறையில் கிடைத்தது. நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கி நகர்த்தும்போது தொண்டைக்குள் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு, சின்ன முனகல் வருமே, அடைத்துக்கொள்வது அவைதான். அந்த அடைப்பை நினைவில் வைத்துக்கொண்டு கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் போனேன். வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் இருப்பதால் என் சாதகம் எல்லாம் காருக்குள்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவது போல மெதுவாக ‘ஹா’ என்று மூச்சை விட்டேன். அந்த மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் தூக்கும் அடைப்பை மிகக் கொஞ்சமாகச் சேர்த்தேன். முதல் நாற்பது ஐம்பது முறை இருமல்தான் வந்தது. பிறகு ஒரு முறை, காலி டிரம்மைச் சிமெண்டுத் தரையில் உருட்டினாற்போல ஓர் ஓசை இரண்டு விநாடி நின்றது. தொண்டையில் எரிச்சலே இல்லை. நாக்கின் அடிப்பக்கத்தில், மேலே, சிறு குறுகுறுப்பு மட்டும். பதிவைப் போட்டுக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது, சுமதி. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் பேசும் அளவுக்கு மேல் நான் சத்தம் எழுப்பவே இல்லை. பதிவிலோ அவ்வளவு பெரிய உறுமல்!

நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒலிவாங்கி பரவாத காலத்து நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டியிருந்தது. அந்த வலிமை அவர் தொண்டையிலிருந்தே வர வேண்டியிருந்தது. மெட்டல் பாடகருக்கு அந்தத் தேவை இல்லை. அவர் கையில் ஒலிவாங்கி இருக்கிறது. கேட்கிறவருக்கு ஆவேசமாகத் தோன்றுவது ஓசையின் கரடுதானே தவிர அதன் உரப்பு அன்று. நான் கேட்டுக் கேட்டுப் பழகிய பதிவுகள் இந்த இடத்தில்தான் என்னை ஏமாற்றின. கேட்டதைப் போல உரக்கக் கத்தினேனே ஒழிய, பாடியவர் எவ்வளவு குறைவாகச் செலவழித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இளங்கோவும் இப்போது அங்கேதான் நிற்கிறான் என்று ஊகிக்கிறேன். நியூயார்க்கில் மெலிசா கிராஸ் என்னும் குரல் ஆசிரியை இதற்கென்றே 2005-இல் பாடக் காணொளி ஒன்று வெளியிட்டார். அது என் கண்ணில் முதலிலேயே பட்டிருந்தால் அந்த ஏழு மாதம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

ஃப்ரை என்று இன்னொரு வகையும் உண்டு. காலையில் எழுந்ததும் ‘ம்’ என்றால் பழைய கதவின் கீல் போல விட்டுவிட்டு ஒலிக்கும் அல்லவா, அதிலிருந்து வளர்த்தெடுப்பது. காற்று மிகக் குறைவாகப் போதும். இளங்கோவின் குரல் எந்த வகைக்கு இணங்குகிறது என்பதை அவன்தான் கண்டறிய வேண்டும். எனக்கு இது கைவந்த அளவு போதவில்லை.

தானாகக் கற்பவருக்கு உண்மையான குறை, கேட்க ஒரு வெளிக்காது இல்லாததுதான். நம் குரல் எலும்பின் வழியாகவும் நமக்குக் கேட்பதால், உள்ளே கனமாகத் தோன்றுவது வெளியே மெலிந்து கேட்கிறது. கனம் போதவில்லை என்று எண்ணி இன்னும் அழுத்துகிறோம். ஆகவே பதிவு செய்யாமல் ஒரு நாளும் பயிற்சி இல்லை என்று வைத்துக்கொண்டேன். மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். 1854-இல் பாரிஸில் அவர் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை அதன் மேல் திருப்பி, தன் குரல் மடிப்புகள் அசைவதைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதை விவரித்தார். பின்னர் மருத்துவர்கள் தொண்டையை ஆராய்ந்த முறைக்கு ஒரு பாட்டு ஆசிரியரின் அந்த ஆவலே வழி திறந்தது. நூறு வயதைத் தாண்டி, 1906 வரை வாழ்ந்தார். காரில் பதிவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வெயிலுக்குக் கண்ணாடியைத் திருப்பிய அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

தமிழில் பாட்டு எழுதத் தொடங்கிய பிறகு இன்னொன்று புரிந்தது. ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’ என்று வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் காற்று ஒரு கணம் நின்று திறப்பதால் உறுமலுக்கு நல்ல அடி கிடைக்கிறது. மெல்லினம் வந்தால் காற்று மூக்குக்குப் போய் ஓசை மெலிந்துவிடுகிறது. ‘நெருப்பு’ என்ற சொல்லின் ஈற்று உகரத்தை நீ பாடினால் நீட்டி நிறுத்துவாய். நான் அந்தக் குற்றியலுகரத்தைக் குற்றியலுகரமாகவே விட்டு, மூச்சை அங்கே மூடிவிடுகிறேன். சொல் அப்படியே வெட்டியது போல நிற்கிறது. ‘ஊ’, ‘ஓ’ என்று வாயைக் குவித்தால் உறுமல் ஆழ்கிறது. ‘ஈ’, ‘ஏ’ என்றால் கூர்மையாகிறது. ஏற்ற இறக்கத்தை உதடும் நாக்கும்தான் பெரும்பாலும் செய்கின்றன. தொண்டையை அதற்காக நெருக்க வேண்டியதில்லை.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதினேனோ என்னவோ. மேல் ஸட்ஜத்தில் என் குரல் நெரிபடும் என்று வாத்தியாரம்மா எத்தனை முறை சொல்லியிருப்பார்! ‘தொண்டையைத் திற, திற’ என்பார். எதைத் திறப்பது என்று எனக்குத் தெரிந்ததில்லை. கூப்பிடாமலே வந்து நெரித்தது அந்த மேல் மடிப்புகள்தான் என்று இப்போது தெரிகிறது. வேண்டும்போது அவற்றை மூடப் பழகியதால், வேண்டாதபோது விலக்கவும் பிடிபட்டது. சத்தம் வராமல் மனம்விட்டுச் சிரிக்கும்போது தொண்டை உள்ளே அகலுவதைக் கவனித்துப் பார். அந்த அகலத்தோடு ஸ்வரத்தை எடுத்தால் நெரியவில்லை. போன மாதம் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு மோகன வர்ணத்தை முழுவதும் பாடினேன். உறுமக் கற்றிருக்காவிட்டால் அது எனக்குத் திரும்பக் கிடைத்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இளங்கோவுக்குப் பதினேழு வயது; மகரக்கட்டுக் காலத்தைக் கடந்து குரல் இப்போதுதான் நிலைகொண்டிருக்கும். ஆகவே ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், அதுவும் இடைவெளி விட்டு. தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் இளநீர்க் கடை ஸ்ட்ரா ஒன்றைத் தம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமிழ்த்தி, அதன் வழியாக ‘ஊ’ என்று குமிழி வர இசைக்கச் சொல். எதிர்ப்பக்கம் காற்று முட்டுவதால் மடிப்புகள் பலமாக மோதாமல் அதிர்கின்றன. பேச்சு மருத்துவர்களும் இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். குடிக்கிற தண்ணீர் குரல் மடிப்புகளைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய்க்குப் போகிறது. ஆகையால் பாடும்போது மடக்மடக்கென்று குடிப்பதைவிடக் காலையிலிருந்தே குடித்து வர வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா தின்றுவிட்டுப் படுக்க வேண்டாம். புளித்த அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். எரிந்தால் அன்று அதோடு நிறுத்த வேண்டும், இன்னும் ஒரு முறை என்பது கிடையாது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போ.

எனக்கு இல்லாத வெளிக்காது அவனுக்கு வீட்டிலேயே இருக்கிறது, அது நீதான். உறுமல் நன்றாக இருக்கிறதா என்று நீ கேட்க வேண்டாம். அவன் பயிற்சியை முடித்து வெளியே வந்ததும் இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுத்து, அந்தப் பேச்சுக் குரலை மட்டும் கேள். காலையில் பேசியதைப் போலவே தெளிவாக இருக்கிறதா, மேலே சன்னமாக ஒரு ‘ஊ’ பிடிக்கச் சொன்னால் உடையாமல் வருகிறதா என்று பார். ஒரு வாரம் கவனித்து, நாள்வாரியாகக் கேட்டதை எனக்கு எழுது. அவன் பதிவு ஒன்றையும் அனுப்பச் சொல். பலமாகச் செய்ததை அல்ல, அவனால் இயன்றவரை சத்தம் குறைத்துச் செய்ததை.

அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

அன்புடன்,
தேன்மொழி